கொக்குவில் வீட்டுக் குழுவில் அம்மம்மாவின் பிறஷர்

செவ்வாய், காலை

நான்: அம்மம்மாவின் பிறஷர் 172/94. படம் போட்டிருக்கிறேன்.

பெரிய மாமா (கனடா): என்ன இது! நேற்று 140தானே? குளிசையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன?

சின்னம்மா (மிஸி, அதாவது தாதி): குளிசையில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டைக் கைக்கு மேலே பட்டியைச் சுற்றியிருக்கிறாய், கை தொங்குகிறது, கால் தரையில் முட்டவில்லை. எப்போது பார்த்தாய்?

நான்: தேத்தண்ணி குடித்த கையோடு, கட்டில் விளிம்பில் இருத்தி. பக்கத்து வீட்டு மதில் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டே இருந்தா.

சின்னம்மா: பின்னே 172 காட்டாமல் என்ன செய்யும்! தேத்தண்ணி குடித்தால் அரை மணித்தியாலம் விடு. முதலில் சலம் போகட்டும், முட்டிக்கொண்டிருந்தாலும் பிறஷர் ஏறும். கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் சும்மா இருக்கட்டும். பட்டி வெறுந்தோலில். கையைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு வை. அளக்கும்போது கதை இல்லை, நீயும்தான்.

தம்பி: அம்மம்மா 5 நிமிடம் கதைக்காமலா? அதற்கும் ஒரு குளிசை இருக்கிறதா சின்னம்மா?

நான்: இப்போது 142/80.

பெரிய மாமா: மெஷின் பிழை போல. இதைவிட நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

சின்னம்மா: மெஷினில் பிழை இல்லை அண்ணை. ஒரு சிஆர் கொப்பி போதும். பிறஷர், நாடி, காய்ச்சல், மூச்சு நான்கையும் நேரம் போட்டு எழுதட்டும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முதலில் பார்ப்பது மூச்சைத்தான். வீடுகளில் அதை ஒருவரும் எண்ணுவதில்லை, மெஷினில் வராதே!

நான்: எப்படி எண்ணுவது?

சின்னம்மா: எண்ணப்போகிறேன் என்று சொல்லாதே, சொன்னால் அவ மூச்சை மாற்றிவிடுவா. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணு, 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்காதே. 12க்கும் 20க்கும் இடையில் இருக்கும். 25ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் எனக்கு எடு. காய்ச்சலுக்கு அக்குளைத் துடைத்துவிட்டு வை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அம்மா: காய்ச்சல் ஒன்றும் இல்லை, நெற்றியில் தொட்டுப் பார்த்தேன்.

சின்னம்மா: அக்கா, உங்கள் கையில் அளவுகோல் இல்லை.

அடுத்த வாரம் வியாழன், காலை

அம்மா: அம்மா இரவும் சாப்பிடவில்லை, இப்போது இடியப்பமும் வேண்டாமாம். என்னைச் செத்துப்போன பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா. வயது போனால் இப்படித்தானே?

சின்னம்மா: நேற்றுக் காலை என்னோடு ஒழுங்காகக் கதைத்த ஆள். ஒரே நாளில் தடுமாறினால் அதை வயதின் தலையில் போட வேண்டாம். பிள்ளை, எல்லாம் அளந்து போடு.

நான்: பிறஷர் 108/60. நாடி 104. காய்ச்சல் 99.3.

பெரிய மாமா: பிறஷர் நல்லாய் இறங்கிவிட்டதே! 99.3 ஒரு காய்ச்சலா? 100 தாண்டவில்லையே.

சின்னம்மா: அண்ணை, 140 ஓடுகிற ஆளுக்கு 108 நல்ல செய்தி இல்லை. கொப்பியில் வழமையாக எவ்வளவு காய்ச்சல் எழுதியிருக்கிறது, பிள்ளை?

நான்: 97.1, 97.2. எல்லா நாளும் அப்படித்தான்.

சின்னம்மா: இரண்டு பாகைக்கு மேல் ஏறியிருக்கிறது. இந்த வயதில் உடம்பு பல நேரம் 102 வரைக்கும் கொதித்துக் காட்டாது. சளிக்காய்ச்சல் நெஞ்சில் இருந்தாலும் சிலருக்குத் தடுமாற்றமும் சாப்பாட்டு மறுப்பும்தான் முதலில் வரும். மூச்சு?

நான்: 28. இரண்டு தரம் எண்ணினேன். விரலில் ஒட்சிசன் 89.

சின்னம்மா: விரல் குளிரா? குளிர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் திரும்பப் போடு.

நான்: 91.

சின்னம்மா: 91உம் குறைவுதான். 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ, பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை தலையணை வைத்து நிமிர்த்தி இருத்துங்கோ. வாயில் கஞ்சி ஊட்ட வேண்டாம், புரைக்கேறிவிடும். பிறஷர்க் குளிசை டொக்டரைக் கேட்கும்வரை வேண்டாம். கொப்பியும் கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் கையோடு போகட்டும்.

பெரிய மாமா: நான் ரிக்கற் பார்க்கவா?

சின்னம்மா: முதலில் அட்மிற் பண்ணட்டும் அண்ணை.

மாலை

நான்: எக்ஸ்றேயில் வலப்பக்க நுரையீரலில் நிமோனியா. ஒட்சிசன் போட்டு ஊசி ஏற்றுகிறார்கள். டொக்டர் கொப்பியை வாங்கி, பழைய நாட்களையும் புரட்டிப் பார்த்தார்.

பெரிய மாமா: கடவுளே. காற்று மெத்தை ஒன்று வாங்குவோமா? படுக்கைப் புண் வந்துவிடுமே.

சின்னம்மா: மெத்தை நல்லதுதான், ஆனால் வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இடம், வலம், மல்லாக்க. முழுதாகச் சரிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து அரைச் சரிவில் வை. நாரியின் கீழ்ப்பக்கத்தையும் குதிக்காலையும் ஒவ்வொரு முறையும் பார். எங்கள் நிறத்தில் சிவப்புத் தெரியாது பிள்ளை. புறங்கையை வை: சூடாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கட்டியாகவோ இருந்தால் அங்கே புண் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தேய்க்காதே. எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம், அக்காவுக்கும் சொல்லிவிடு.

அம்மா: வாசித்தேன் வாசித்தேன்.

சின்னம்மா: இன்றிரவு நான் நிற்கிறேன், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படு. தம்பி, வரும்போது இரண்டு மெல்லிய தலையணை எடுத்து வா. கெண்டைக்காலின் கீழே வைத்துக் குதிக்காலைத் தூக்கிவிட வேண்டும். பழையது போதும், நல்லதைக் கொண்டுவந்து வாட்டில் துலைத்துவிடாதே.