புதிதாக வருபவர்களுக்குத் தமிழ்99 சொல்லித்தருவதா, ஒலிபெயர்ப்பே போதுமா?

இளங்கீற்று:
திறந்த மூல மென்பொருள்களைத் தமிழாக்கும் குழுவில் புதியவர்கள் சிலர் சேர்கிறார்கள். ஆங்கிலத்தைப் பார்க்காமலே தட்டுவார்கள். தமிழுக்கு இதுவரை கைப்பேசிதான். எல்லாரிடமும் டெபியன் லினக்ஸ், க்னோம் திரைச்சூழல். ஒரு நாள் பயிற்சியில் எந்த உள்ளீட்டு முறையைச் சொல்லித்தரலாம்: தமிழ்99 விசைப்பலகை அமைப்பா, ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பா? காரணத்தோடு எழுதுங்கள். இன்னொரு விஷயம்: அவர்களில் இருவர் ஜெர்மனியில் இருக்கிறார்கள், ஜெர்மன் விசைப்பலகை உள்ள மடிக்கணினி.

தட்டுமணி:
தமிழ்99-தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. ஆனால் அரசு ஏற்றது என்பதற்காக நான் சொல்லவில்லை, அமைப்பே அவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறிமாறி வருவதால் இரண்டு கையும் மாறிமாறி வேலை செய்யும். நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொன்றை வைத்தே பகுதி, தகுதி, இதயம், பந்து, தம்பி, பக்கம், இந்த, அந்த என்று தட்டிவிடலாம். விரல் நடுவரிசையை விட்டு நகரவே வேண்டாம்.

புள்ளியும் பல இடங்களில் தானே விழும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது ஒற்றாகிவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இனவெழுத்து தொடர்ந்து வந்தாலும் அப்படியே. 'வணக்கம்' என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி: ஆறு தட்டு. ஒலிபெயர்ப்பில் எட்டு, ணகரத்துக்கு ஷிப்ட் தனி. 'பழக்கத்திற்கு' இங்கே 11 தட்டு. அங்கே 16, அதோடு றகரத்துக்கு ஒரு ஷிப்ட். ஒவ்வொரு தகரத்துக்கும் டி, எச் என்று இரண்டு விசை போனால் 'த்த' வரும்போதெல்லாம் நான்கு விசை ஆகிவிடுகிறது.

ஒலிவழி:
தட்டுமணி தமக்குச் சாதகமான சொல்லை எடுத்திருக்கிறார். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்பதை எண்ணுங்கள். தமிழ்99-இல் 23. ஒலிபெயர்ப்பில் 26, ஷிப்ட் இரண்டையும் சேர்த்தால் 28. வித்தியாசம் ஐந்தே தட்டு. அந்த ஐந்துக்காக ஒருவர் இரண்டு மூன்று வாரம் எழுத்தைத் தேடித்தேடித் தட்ட வேண்டும். தன்னார்வலர் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்து இருபது சரங்களை, அதாவது மென்பொருளில் தெரியும் சொற்றொடர்களை, மொழிபெயர்த்தால் நமக்கு லாபம். அந்த மாலை முழுக்க 'ழ எங்கே' என்று தேடினால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

தானாக விழும் புள்ளியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'நதி' என்று தட்டிப் பாருங்கள்: ந, த, இ. திரையில் 'ந்தி' வரும். நடுவில் அகரத்தைத் தட்டிப் பிரிக்க வேண்டும். 'சமபங்கு' என்று தட்டினால் 'சம்பங்கு' ஆகிவிடும். 'பப்பாளி', 'மமதை', 'சசி' எல்லாவற்றிலும் இதே பொறி. யாராவது முன்கூட்டிச் சொல்லாவிட்டால், புதியவர் மென்பொருளில் கோளாறு என்றே நினைப்பார்.

மொழிபெயர்ப்பு வேலைக்கென்றே இன்னொரு தொல்லை. அரைப்புள்ளி, ஒற்றை மேற்கோள், இரண்டு சதுர அடைப்பு, சாய்கோடு ஆகியவை இருந்த இடத்தில் ந, ய, ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குறிகளை ஷிப்டோடு தட்டும் நிலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் மென்பொருள் சரங்களில் அவைதான் நிறைய வரும்: கோப்புப் பாதை, மாறிகள், மேற்கோளுக்குள் பொத்தான் பெயர். ஒவ்வொரு சரத்திலும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

தட்டுமணி:
ஆங்கிலத்துக்கு மாறுவது ஒரு விசைக்கூட்டு, அவ்வளவுதான். மாறிகளைப் பெரும்பாலும் யாரும் தட்டுவதில்லை, மூலச் சரத்திலிருந்து நகலெடுத்துதான் ஒட்டுகிறோம். தட்டினால்தான் பிழை வரும்.

அகரப் பிரிப்பு ஒரு விதி. அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். ஒலிபெயர்ப்பில் விதியாகக்கூடச் சொல்ல முடியாத குழப்பம் ஒன்று இருக்கிறது. சொல்லின் முதலில் ஆங்கில 'என்' (n) விசை நகரமாகவும் நடுவில் னகரமாகவும் ஆகும் கருவிகள் பல. 'தமிழ்நாடு' என்று ஒரே மூச்சில் தட்டுகிறவருக்கு 'தமிழ்னாடு' வரும். 'செயல்நிரல்' 'செயல்னிரல்' ஆகும். கூட்டுச்சொல் இல்லாமல் கலைச்சொல்லே கிடையாது, ஆக இந்தப் பிழை நம் வேலையின் நடுமையத்தில் வந்து விழுகிறது. தனியாக டபிள்யூ விசையைத் தட்டினால் நகரம் வரும் என்பார்கள். அப்படியானால் அதுவும் மனப்பாடம்தானே? ல-ள-ழ, ர-ற, ந-ன-ண எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தின் பெரிய வடிவம், சிறிய வடிவம் என்று நினைவில் வைக்கும் மூளை, 31 விசைகளை நினைவில் வைக்காதா?

வன்னிமேகம்:
இலங்கையில் இருந்து ஒரு சொல். இங்கே கனபேர் பாமினி அமைப்பிலே பழகினவர்கள். அரசு ஏற்றது ரெங்கநாதன் அமைப்பு. பழைய தட்டச்சுப் பொறி வழி வந்த அமைப்புகளில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். 'கெ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடு சேமிப்பது அதற்கு எதிர்ப்புறமாக: ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. உள்ளீட்டு மென்பொருள் இரண்டையும் இடம் மாற்றித் தரவேண்டும். மாற்றாத செயலியில் புள்ளியிட்ட வட்டத்தோடு தனிக்கொம்பு நிற்கும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டிலும் தட்டும் ஒழுங்கும் சேமிக்கும் ஒழுங்கும் ஒன்றுதான், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனபடியால் புதுசாகப் படிப்பிக்கிறவர்களுக்கு நீங்கள் இரண்டில் எதைக் கொடுத்தாலும் நல்லது. ஏற்கெனவே பாமினியிலோ, தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் எழுதியோ வேகமாக அடிக்கிறவரை மட்டும் மாறச் சொல்லாதீர்கள். அந்தக் கைவேகம் பெறுமதியானது. தட்டச்சுப் பள்ளி வழி வந்தவருக்கு, லினக்ஸுக்கான உள்ளீட்டு அமைப்புகளின் தொகுப்பான எம்17என்-இல் உள்ள தட்டச்சு அமைப்பை எடுத்துக் கொடுத்தால் போதும்.

முனையம்:
அமைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், லினக்ஸில் அது எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் பயிற்சி நாளில் பாதி நேரம் அங்கேதான் போகும்.

க்னோமின் உள்ளீட்டு மூலங்கள் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட்99 என்று ஒன்று முன்பே இருக்கும். அதை எடுக்காதீர்கள். அது எக்ஸ்கேபி அமைப்பு: ஒரு விசைக்கு ஒரு குறி, முன்னால் என்ன தட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தானாகப் புள்ளி விழாது. ஆகாரமும் துணைக்காலும் தனித்தனி இடத்தில் இருக்கும். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு 'தமிழ்99 மோசம்' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தபின், அதே பட்டியலில் எம்17என் என்று பெயரோடு வரும் தமிழ்99-ஐச் சேருங்கள். வெளியேறி நுழையாவிட்டால் பட்டியலில் புதியது தெரியாமல் போகலாம். மாற்றுவதற்கு சூப்பர் விசையும் இடைவெளி விசையும்.

எம்17என்-இன் ஒலிபெயர்ப்பும் அதே தொகுப்பில் வருகிறது. அதன் விதிகள் வெறும் உரைக்கோப்பு. தட்டுமணி சொன்ன நகரச் சிக்கலை உங்கள் குழுவுக்கு ஏற்ப மாற்றலாம்: மூலக் கோப்பை முகப்பு அடைவில் எம்17என் தேடும் மறைவான அடைவுக்கு நகலெடுத்து, அதன் தொடக்கத்தில் உள்ள பெயரை மாற்றி, விதியைத் திருத்தி, உள்ளீட்டை இயக்கும் மென்பொருளான ஐபஸை மறுபடி தொடங்கினால் போதும். பெயரை மாற்ற மறந்தால் கணினியில் உள்ள மூலமும் உங்கள் நகலும் மோதிக்கொள்ளும். எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, தட்டி முடியாத எழுத்து அடிக்கோட்டோடு நிற்பது. அந்த நிலையில் சுட்டியால் வேறு பெட்டியைச் சொடுக்கினால் கடைசி எழுத்து சில செயலிகளில் தொலையும், சிலவற்றில் புதிய பெட்டிக்குத் தாவும். இணைய உலாவியில் மொழிபெயர்த்து உடனே 'சேமி' பொத்தானை அழுத்துகிறவர்களின் சரம் 'கோப்பு' என்பதற்குப் பதில் 'கோப்' என்று முடிவது இதனால்தான். சொடுக்கும் முன் வலது அம்பு விசையை ஒருமுறை தட்டச் சொல்லிக்கொடுங்கள். லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலாண்டில், உலாவி நுட்பத்தில் கட்டிய எலக்ட்ரான் செயலிகளுக்குள் தமிழே வரவில்லை என்றால், செயலியைத் தொடங்கும்போது வேலாண்ட் உள்ளீட்டு முறையை இயக்கும் தெரிவைக் கொடுக்க வேண்டும்.

ஒலிவழி:
முனையம் சொன்னதற்கு நன்றி, அந்த 'கோப்' பிழையை மீளாய்வில் அடிக்கடி பார்க்கிறோம்.

மீளாய்வு என்றதும் இன்னொன்று. ஔகாரப் பிழை ஒலிபெயர்ப்பில் கிட்டத்தட்ட வராது, ஏ-யு என்று தட்டினால் ஔ ஒரே எழுத்தாக விழுகிறது. தமிழ்99-இல் ஔகாரம் இடக்கைச் சுண்டுவிரலுக்குக் கீழே, கடைசி மூலையில். பலர் அதை மறந்து எகரமும் ளகரமும் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு 'கௌரவம்' மாதிரியேதான் தெரியும், உள்ளே 'கெளரவம்'. ஒளவையார் என்று ஒகரத்தோடு தட்டியவரின் பக்கம் ஔவையார் என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது. மொத்தமாகத் தேடி மாற்றவும் முடியாது. மாற்றினால் கெளுத்தி மீனும் தெளிவும் வெளியும் கெட்டுப்போகும்.

தட்டுமணி:
இது சரியான புகார், ஏற்கிறேன். பயிற்சியில் ஔகாரத்துக்கென்று ஐந்து சொல் கட்டாயம் வேண்டும்: மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌரவம், ஔவை. அதேபோல ஸ்ரீ. அதற்கு ஷிப்டோடு தனி விசையே இருக்கிறது. உறுப்புகளைச் சேர்த்துச் செய்தால் ஸகரத்தில் தொடங்கியதா, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியதா என்பது திரையில் தெரியாது, தேடலில் தெரியும்.

ஆனால் ஒலிவழி ஒன்றைத் தவறவிடுகிறார். தன்னார்வலர் ஒரு மாலைக்கு வருகிறவர் மட்டும் இல்லை. நிலைத்து நிற்கிறவர்தான் குழுவின் பெரும்பங்கைச் செய்கிறார். அவர் கடிதம் எழுதுவார், விக்கிப்பீடியாவில் எழுதுவார், கட்டுரை எழுதுவார். 'அம்மா' என்று நினைக்கும்போது ஏ-எம்-எம்-ஏ-ஏ என்று மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, அதைத் தமிழாக்கி எழுதும் பழக்கத்தை நாமே அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? குழந்தைக்கு இதைச் சொல்லித்தருவோமா? ஆங்கிலமே தெரியாத தமிழ்வழி மாணவருக்கு ஒலிபெயர்ப்பு என்ன தரும்? மிகமுக்கியமான கேள்வியாக எனக்குப் படுவது இதுதான். தட்டெண்ணிக்கையில் நான் தோற்றாலும் பரவாயில்லை.

ஒலிவழி:
தமிழ்வழி மாணவருக்குத் தமிழ்99-தான் சரி, அதில் சண்டையே இல்லை. இளங்கீற்று கேட்டது ஆங்கிலத்தில் விரல் பழகியவர்களைப் பற்றி. அவர்கள் விரல் எழுத்துக்கூட்டுவதில்லை, ஒலியைத் தட்டுகிறது. தங்கிலீஷில் குறுஞ்செய்தி அனுப்பி அனுப்பி அந்தப் பாதை ஏற்கெனவே போட்டாயிற்று. அதில் தமிழ் எழுத்து வரவைத்தால், தங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தவர் தமிழில் எழுதுகிறார். நான் ஒலிபெயர்ப்புக்காக நிற்பதே அதனால்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை: விதிப்படி இயங்கும் ஒலிபெயர்ப்பாக இருக்க வேண்டும், அகராதியை வைத்து ஊகிப்பது கூடாது. ஊகிக்கும் கருவி இன்று ஒரு சொல், நாளை வேறு சொல் தரும். புதுக் கலைச்சொல்லை அதற்குத் தெரியாது. இணையத்தில் இயங்குவதாக இருந்தால் தட்டுவதெல்லாம் இன்னொருவர் கணினிக்குப் போகும்.

இளங்கீற்று:
கைப்பேசியில் என்ன செய்வார்கள்? அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்றால் குழம்பாதா?

முனையம்:
குழம்பாது. கைப்பேசியில் கட்டைவிரல், கணினியில் பத்து விரல். நினைவு தனித்தனியாகவே பதிகிறது. இண்டிக் கீபோர்டு என்ற திறந்த மூலச் செயலியிலும் செல்லினத்திலும் தமிழ்99 உண்டு. ஆனால் ஒரு வரிசையில் அத்தனை விசை அடைத்தால் சின்னத் திரையில் கட்டைவிரலுக்குப் போதாது, படுக்கை வாட்டில் வைத்தால்தான் சுகம்.

விம் என்ற உரைத்திருத்தியைப் பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் எச்சரியுங்கள். தமிழ் இயங்கும்போது எஸ்கேப் அழுத்திவிட்டு ஜே தட்டினால் கீழே இறங்காது, பகரம் விழும். விம்முக்குள்ளேயே விசை அட்டவணை வைக்கும் வசதி இருக்கிறது, அது ஜே போன்ற கட்டளை விசைகளைத் தொடாது. அதோடு வருகிற தமிழ் அட்டவணை பழைய திஸ்கி குறிமுறைக்கானது, யூனிகோடுக்கு நாமே எழுத வேண்டும்: உயிர்மெய் மட்டும் 18 பெருக்கல் 12, 216 வரி. சின்ன நிரல் எழுதி உருவாக்கிக்கொள்வது மேல்.

ஜெர்மன் விசைப்பலகை: ஒலிவழியின் வாதம் இங்கே வெல்கிறது. ஒலிபெயர்ப்பு விசையில் அச்சிட்ட எழுத்தைப் பார்க்கிறது, எந்த லத்தீன் பலகையிலும் அப்படியே ஓடும். தமிழ்99 விசையின் இடத்தைப் பொறுத்தது. எம்17என்-க்குப் போய்ச் சேர்வதோ அடித்தள அமைப்பு தரும் குறி. ஜெர்மன் அடித்தளத்தில் ந, ய, ச இருக்க வேண்டிய மூன்று இடங்களில் உம்லவுட் எழுத்துகள் (ö, ä, ü), ஞகரத்தின் இடத்தில் கூட்டல் குறி, ழகரத்தின் இடத்தில் சிறுகோடு. ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருப்பதால் ளகரமும் ஔகாரமும் இடம் மாறும். அந்த இருவரும் தமிழ்99-ஐ விரும்பினால், அமெரிக்க ஆங்கில அமைப்பைச் சேர்த்துப் பட்டியலில் ஜெர்மனுக்கு மேலே வைத்து, 'நயம்' என்று தட்டிப் பார்க்கட்டும். உம்லவுட் வந்தால் ஜெர்மனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி நுழைய வேண்டும்.

தட்டுமணி:
அந்த இருவருக்கு ஒலிபெயர்ப்பு, மறுப்பில்லை. மற்றவர்களுக்கு காலையில் ஒரு மணி நேரம் நடுவரிசை மட்டும் கொடுங்கள். விசைமேல் ஒட்டுக்காகிதம் வேண்டாம், கண் கீழேயே நிற்கும். அமைப்பின் படத்தைத் திரைக்கு மேலே ஒட்டுங்கள். மாலையில் எதில் தொடர்வது என்று அவர்களே சொல்லட்டும்.

ஒலிவழி:
இதற்கு உடன்படுகிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன், ஒலிபெயர்ப்பில் ஒரு சரமாவது முடித்துச் சேமிக்க வையுங்கள்.