க்னோம் போடப் போய் சிஸ்டம்டியில் முட்டி நின்றது

டெபியன் லினக்ஸில் டெஸ்க்டாப் ஏற்றும்போது "அன்மெட் டிபெண்டன்சீஸ்" (தேவையான துணைப் பேக்கேஜ்கள் அமையவில்லை) என்று வந்து திணறுபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தம்பி கைக்கு வந்த லேப்டாப்பில் டெபியன் 12 இருந்தது, வெறும் டெர்மினலோடு. முன்பு வைத்திருந்தவர் அதைச் சின்ன சர்வராக ஓட்டியிருக்கிறார். தம்பிக்கு க்னோம் என்ற டெஸ்க்டாப் வேண்டும். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டிடம் க்னோம்-கோர் பேக்கேஜை நிறுவச் சொன்னால், "இதற்கு ஜிடிஎம்3 தேவை, ஆனால் அது நிறுவப்படாது" என்று ஒரு வரி வந்தது (ஜிடிஎம்3 என்பது க்னோமின் லாகின் திரை). ஏன் நிறுவப்படாது? அதற்குப் பதில் இல்லை. கடைசியில் ஏதோ பேக்கேஜை நாம் ஹோல்டில், அதாவது மாறாதபடி பிடித்து, வைத்திருப்பதாக வேறு சொல்கிறது. அப்படி வைத்தவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஃபார்மட் பண்ணிவிடு என்றார்கள். தம்பியின் ப்ராஜெக்ட், டேட்டாபேஸ் எல்லாம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு வரவில்லை.

ஆப்ட் காட்டுவது பெரும்பாலும் மேல் அடுக்கை மட்டும்தான். அது எந்தப் பேக்கேஜைச் சொல்கிறதோ அதையே தனியாக நிறுவச் சொல்லுங்கள். அது இன்னொன்றைக் கைகாட்டும். அதையும் அப்படியே கேளுங்கள். இப்படி நூல் பிடித்துப் போனதில் லிப்பாம்-சிஸ்டம்டியில் வந்து நின்றது. மெஷினைத் தொடக்கி சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியோடு லாகினை இணைக்கும் பேக்கேஜ் அது. அதற்குத் தேவை சிஸ்டம்டி 252, மெஷினில் இருப்பது 254. இவை இரண்டும் அச்சு அசலாக ஒரே வெர்ஷனாக இருந்தாக வேண்டும். புதுசு இருந்தாலும் ஒப்புக்கொள்ளாது.

அப்புறம், எந்த வெர்ஷன் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டளை: ஆப்ட் பாலிசி சிஸ்டம்டி. அதில்தான் எல்லாம் தெளிவானது. 252க்குக் கீழே டெபியன் ரெப்போ (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியம்), முன்னுரிமை மதிப்பு 500. 254க்குக் கீழே டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் ஃபைல் (ஏற்கெனவே நிறுவியவற்றின் பதிவு) மட்டும், மதிப்பு 100. அதாவது அது வந்த ரெப்போ இப்போது லிஸ்டிலேயே இல்லை. பழைய ஆள் பேக்போர்ட்ஸிலிருந்து (புது வெர்ஷன்களைப் பழைய டெபியனுக்குத் தரும் ரெப்போ) சிஸ்டம்டியை நிறுவிவிட்டு அந்த வரியை நீக்கியிருக்க வேண்டும். மதிப்பு 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒழிய ஆப்ட் தானாக எதையும் பழைய வெர்ஷனுக்கு இறக்காது.

ஓடுகிற மெஷினில் சிஸ்டம்டியைக் கீழே இறக்குவது ஆபத்து. டவுன்கிரேடை டெபியனும் ஆதரிப்பதில்லை. அதனால் பேக்போர்ட்ஸ் வரியைத் திரும்பச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, லிப்பாம்-சிஸ்டம்டியை அங்கிருந்தே எடுத்தேன். சிஸ்டம்டி குடும்பம் மொத்தமும் ஒரே வெர்ஷனுக்கு வந்தது. பிறகு க்னோம்-கோர் மறுபேச்சில்லாமல் ஏறியது.

"252 தேவை, 254 இருக்கிறது" என்ற அந்த ஒரு வரியை முதலிலேயே காட்டியிருக்கலாம். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

இதே நிலையில் இருப்பவர்கள் பேக்போர்ட்ஸ் வரியை மறுபடி நீக்கிவிடாதீர்கள். அதன் மதிப்பு 100தான். ஏற்கெனவே அங்கிருந்து வந்தவற்றுக்கு அப்டேட் தரும், மற்றதைத் தானாக மாற்றாது.