வாக்கி டாக்கி சத்தம் எதிராளிக்கும் கேட்டுடுது, இயர்பீஸ் போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

நைட் ரோந்துல ஒரு வண்டிய நிறுத்தி விசாரிச்சிட்டு இருந்தோம், ஆளு பணிவாதான் பதில் சொல்லிட்டு இருந்தான், பேரக் குடுத்து கன்ட்ரோல் ரூம்ல செக் பண்ணச் சொன்னேன், தோள்ல மாட்டியிருந்த ஸ்பீக்கர் மைக்ல "இவர் மேல வாரண்ட் இருக்கு"ன்னு சத்தமா வருது. எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்துல கேக்குது. பார்ட்னரப் புடிச்சுத் தள்ளிட்டு ஓடிட்டான், அவருக்கு முட்டில நல்ல அடி. என்க்ரிப்ஷன் எல்லாம் போட்டு வெளிய யாரும் ஒட்டுக்கேக்காம பாத்துக்கறாங்க, ஆனா எதிர்ல நிக்கிறவனுக்கு எல்லாமே கேக்குது. அது என் காதுல மட்டும் விழுந்திருந்தா பார்ட்னருக்கு ஒரு கண்ஜாடை காட்டிட்டு, கூட ஆள் வர்ற வரைக்கும் பேச்சுக் குடுத்துட்டே நின்னுருப்பேன்.

அண்ணா, கட்டடத்துக்குள்ள தேடும்போது இன்னும் மோசம். வால்யூமக் கொறச்சா நமக்கே கேக்காது, வச்சா ஒளிஞ்சிருக்கவனுக்கு நாம எந்த மாடில இருக்கோம்னு தெரிஞ்சிடும். நான் சுருள் ட்யூப் மாடல் போடுறேன், ஸ்பீக்கர் காலர் கிட்ட இருக்கும், சத்தம் மட்டும் ட்யூப் வழியா காதுக்கு வரும். ஒரு தடவ பின்பக்கம் நின்ன டீம் "ஆளு மொட்டமாடிக்கு ஏறுறான்"னு சொன்னது எங்க காதுக்கு மட்டும்தான் வந்துச்சு, சத்தமில்லாம மேல போயி அவன் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டோம். ஒண்ணு கவனிங்க, மல்லுக்கட்டுல இயர்பீஸ் ஒயர் மைக்ல இருந்து புடுங்கிட்டா பெரும்பாலான மைக்ல ஸ்பீக்கர் திரும்ப அலற ஆரம்பிச்சிடும், அதனால ஒயரச் சட்டைக்குள்ள விட்டு க்ளிப் போட்டுக்கோங்க.

காதுக்குள்ள வைக்கிற முனை, அதான் டிப், அது ஃபோம் வச்சதா வேணாம் நண்பர்களே, அது காத அடச்சிடும், பின்னாடி யாராவது நடந்து வந்தா தெரியாது. நடுவுல ஓட்ட இருக்குற சிலிகான் மோல்ட் போட்டா ரேடியோவும் கேக்கும் சுத்தி நடக்குறதும் கேக்கும். வேர்வையும் காது அழுக்கும் ட்யூப்ல சேந்தா சத்தம் கம்மியாயிடும், வேலை செய்யலன்னு செட்ட மாத்த ஓடுறாங்க, கழட்டி ஊதிக் காயவச்சாலே பாதி சரியாயிடும். அப்புறம் ஷிப்ட் மாறும்போது ஒரே டிப்ப அடுத்தவர் மாட்டுறது எனக்குச் சுத்தமாப் புடிக்கல, காதுல தொற்று வரும். செட்டப் பொதுவா வச்சாலும் டிப்பும் ட்யூபும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும், அதுவும் ஜோடில ரெண்டு பேருக்குமே இயர்பீஸ் இருக்கணும். ஒருத்தர் ஸ்பீக்கர்ல வச்சிருந்தாலும் எதிராளிக்குக் கேட்டுடும்.