கோல்ஃப் அணியில் ஐந்தாவது ஆள் என் மகள்: ஜாக்கெட் வாங்கலாமா?

ஊட்டிக்காரன்:

கேள்வி சின்னது, முன்கதைதான் நீளம். பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

நாங்கள் ஒஹையோவில், கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. பள்ளி கோல்ஃப் அணியில் இந்த வருடம்தான் இடம் கிடைத்தது. இந்த ஊருக்குக் கோல்ஃப் என்பது கும்பகோணத்துக்குக் காபி மாதிரி. மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 பட்டம் வென்ற ஜாக் நிக்லாஸ் இங்கே அப்பர் ஆர்லிங்டன் பள்ளியில் படித்தவர். பக்கத்து டப்ளினில் அவர் உருவாக்கிய மைதானத்தில் 1976-லிருந்து மெமோரியல் போட்டி நடக்கிறது. வந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு வாரம் அந்தப் பக்கம் டிராஃபிக் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் கோல்ஃப் மைதானத்தை மிதித்த முதல் ஆள் என் அப்பா. ஊட்டி ஃபிங்கர்போஸ்டில் வளர்ந்தவர். பள்ளி விட்டதும் நாலைந்து பையன்களாகச் சேர்ந்து மைதானத்து ஓரப் புதர்களில் பந்து பொறுக்கி, ஆட வருகிறவர்களிடமே திரும்ப விற்பார்களாம். துரத்தவும் செய்வார்கள், வாங்கவும் செய்வார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கும் அவருக்கு அது துரைமார் ஆட்டம்தான்.

மகளுக்கு ஆசை வந்தது 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில். அங்கே சனிக்கிழமை காலை, எங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூரு அதிதி அசோக் கடைசிவரை பதக்கத்துக்கு ஆடி, ஒரே ஒரு அடியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தார். அவருக்குப் பையைத் தூக்கி வந்தது அவருடைய அம்மா. அப்போது பத்து வயதிலிருந்த என் மகள் ஆட்டத்தைப் பார்த்தாளோ இல்லையோ, "அம்மாவும் கூடவே உள்ளே போகலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மறு வாரம் ஒரு கராஜ் சேலில் 30 டாலருக்கு ஒரு பழைய செட் வாங்கினேன். இடது கைக்காரர்களுக்கானது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் கராஜில் கிடக்கிறது.

சரி, பள்ளி ஆட்டத்துக்கு வருகிறேன். பள்ளி ஆட்டத்தில் கேடி, அதாவது பை தூக்கும் உதவியாளர், கிடையாது. பையை அவளே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ள வேண்டும். ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், அதில் குறைந்த நான்கு ஸ்கோர்தான் கணக்கு (ஸ்கோர் என்பது எத்தனை அடி அடித்தார்கள் என்ற எண், குறைந்தால் நல்லது). என் மகள் ஐந்தாவது. அதாவது அவள் இரண்டரை மணி நேரம் நடந்து, வியர்த்து, ஒன்பது ஹோல் (குழி) முடித்துவிட்டு வந்தால், பெரும்பாலான நாட்களில் அவள் எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்கள். சீசனில் 14 ஆட்டம். அவள் ஸ்கோர் கணக்கில் வந்தது மூன்றே தடவை.

ஆனால் அந்த எண்ணைப் பாருங்கள். ஆகஸ்டில் முதல் ஆட்டம் 63. அப்புறம் 58, மறுபடி 58, 60, 55. கடைசி ஒன்பது ஹோல் ஆட்டத்தில் 47. இதை ஊரில் அம்மாவுக்கு விளக்க முயன்றதுதான் பெரிய கூத்து. முதல் வாரம் 63 என்றதும் "பாஸ் மார்க்குக்கு மேலதானே, போதும்" என்றார். 55 வந்ததும் "என்னடா குறைஞ்சுக்கிட்டே போகுது, ட்யூஷன் வைக்கக் கூடாதா?" 47 வந்த அன்று நான் துள்ளிக் குதித்துச் சொல்கிறேன், மறுமுனையில் துக்க விசாரிப்புக் குரல். குறைந்தால்தான் நல்லது என்று அப்பா எடுத்துச் சொன்ன பிறகும் அவருக்குப் பாதி நம்பிக்கைதான்.

கடைசியாக செக்‌ஷனல் என்ற தகுதிப் போட்டி, 18 ஹோல். அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். பெற்றோர் வண்டிப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னால் வம்பு அவளுக்கு. எனவே ஒரு ஓக் மரத்தின் பின்னால் நின்று குடையின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். 14-ஆவது ஹோலில் பந்து குளத்தில் விழுந்தது. தண்டனை ஒரு அடி. அடுத்த பந்தும் அதே குளத்தில். இன்னொரு தண்டனை. ஒருவழியாகக் குழி இருக்கும் பச்சைப் புல்தரைக்குக் கொண்டுவந்து மூன்று முறை தட்டிக் குழியில் போட்டாள். அவள் ஸ்கோர் கார்டை எழுதுவது எதிரணிப் பெண். அந்தப் பெண் 8 என்று எழுதியிருக்கிறாள். இவள் விரல் விட்டு எண்ணிக் காட்டி, "ரெண்டு தடவை தண்ணி, ஒன்பது" என்று திருத்த வைத்தாள். குறைத்து எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்டால் ஆளையே நீக்கிவிடுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் விதிக்குப் பயந்து சொன்ன மாதிரி தெரியவில்லை. பால் கணக்கைத் திருத்துகிற மாதிரிச் சொன்னாள்.

மொத்தம் 104. அன்றைக்கு இன்னொரு பெண் 107 எடுத்ததால் இவள் ஸ்கோர் கணக்கில் வந்தது. அணி அடுத்த சுற்றுக்குப் போகவில்லை, 6 அடியில் போச்சு. வீட்டுக்கு வரும் வழியில் இருபது நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் திடீரென்று, "அந்த ஹோல்ல நான் நாலு எடுத்திருந்தாலும் ஒண்ணு பத்தாதுப்பா" என்றாள். அதற்கும் அப்புறம், "பசிக்குது."

இப்போது கேள்வி. பாதிக்கு மேல் ஆட்டங்களில் ஆடியவர்களுக்குப் பள்ளி வர்சிட்டி லெட்டர் கொடுத்தது. துணியில் செய்த பள்ளியின் முதல் எழுத்து, உள்ளங்கையை விடப் பெரிதாகப் பொசுபொசுவென்று. அதைத் தைத்துக்கொள்ளும் ஜாக்கெட்டைத் தனியாக நாம்தான் வாங்க வேண்டும். லெதர் கை, பெயர் எம்ப்ராய்டரி எல்லாம் சேர்த்து 400 டாலரைத் தொடுகிறது. எனக்கு வாங்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அவளோ, "கணக்குல வராதவளுக்கு எதுக்குப்பா ஜாக்கெட்" என்கிறாள். மனைவி நடுநிலை. சொல்லாமல் ஆர்டர் செய்துவிடலாமா? இந்த வழியாகப் போனவர்கள் சொல்லுங்கள்.

---

டல்லஸ் மாமி:

வாங்கிடுங்கோ! என் பையன் மார்ச்சிங் பேண்டில் ட்ரம்பெட். டெக்சாஸில் பேண்டுக்கும் லெட்டர் உண்டு. அந்த ஜாக்கெட்டைப் போடுகிற அளவுக்குக் குளிர் இங்கே வருடத்துக்குப் பத்து நாள் வந்தால் அதிகம். ஆனாலும் அந்தப் பத்து நாளும் போட்டான். ஒன்று மட்டும்: இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். பத்தாவதில் சரியாக இருப்பது பன்னிரண்டாவதில் கை ஏறாது.

---

பழையசோறு:

தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜாக்கெட் வேண்டும் என்பது நீ, வேண்டாம் என்பது அவள். இதில் கேள்வி எங்கே இருக்கிறது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் குஞ்சின் முதுகில் 'பொன்' என்று எழுதி ஒட்ட வேண்டுமா?

நான் கல்லூரியில் வாலிபால் ஆடினேன். எங்கப்பா ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை என்றுதான் நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காரியத்துக்கு வந்த பக்கத்து ஊர் டீக்கடைக்காரர் சொன்னார், சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாராம். நீ மரத்துக்குப் பின்னால் நின்றாயே, அதை உன் மகள் பார்த்திருப்பாள். எங்கப்பாவை நான் பார்க்கவில்லை. உன் வீட்டுக் கதை எவ்வளவோ தேவலை.

---

கணக்குப்பிள்ளை:

கோல்ஃப் ஸ்காலர்ஷிப் வாய்ப்பு எப்படி? 47 என்றால் எந்த லெவல்?

---

ஆறாம் நம்பர்:

@கணக்குப்பிள்ளை அங்கிள், ஒன்பது ஹோலுக்கு 47 என்றால் ரெக்ரூட் பண்ணுகிற கோச் யாரும் கூப்பிட மாட்டார். ஸ்காலர்ஷிப் தரும் பெரிய கல்லூரி அணிகளில் ஆட 18 ஹோலையே கிட்டத்தட்ட 70-களில் முடிக்க வேண்டியிருக்கும். ஆனால் கோல்ஃபில் வேறொரு வழி இருக்கிறது: கேடி வேலை. எவன்ஸ் ஸ்காலர்ஸ் என்று 1930-லிருந்து நடக்கிறது, கேடியாக வேலை செய்த மாணவர்களுக்கு முழு ட்யூஷனும் தங்குமிடமும் தருகிறார்கள். நல்ல மார்க்கும் குணமும் மட்டும் போதாது, பண நெருக்கடி இருப்பதையும் காட்ட வேண்டும். எனவே வசதியான வீடுகள் ஆசைப்பட வேண்டாம். ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் கோடையில் கேடி வேலைக்குப் போகலாம். நான் போனேன். தோள் வலிக்கும், டிப்ஸ் கிடைக்கும், பெரிய மனிதர்கள் எப்படியெல்லாம் பந்தைத் திட்டுவார்கள் என்பதும் தெரியும்.

@ஊட்டிக்காரன் அங்கிள், இனி உங்களுக்கு. எனக்கு இப்போது 24. இல்லினாயில் பள்ளி அணியில் ஆடினேன். அங்கே ஆறு பேர் ஆடி நான்கு ஸ்கோர் கணக்கு, நான் ஆறாவது. இரண்டு சீசனில் என் ஸ்கோர் இரண்டே முறை எண்ணப்பட்டது. அதில் ஒன்று, ஒரு பெண் கார்டில் கையெழுத்துப் போட மறந்து நீக்கப்பட்ட அன்று!

உங்கள் மகள் "கணக்குல வராதவ" என்கிறாளே, அது பாதிதான் சரி. எங்கள் முதல் நம்பர் பெண் குளத்தைத் தாண்டி அடிக்க டிரைவரை (தூரமாக அடிக்கும் மட்டை) எடுப்பாள். பின்னால் இன்னும் ஐந்து பேர் ஆடிக்கொண்டிருக்கிறோம், தன் ஸ்கோர் கெட்டாலும் விட்டுவிடலாம் என்ற தைரியத்தில்தான் எடுப்பாள். ஒரு நாள் இரண்டு பேருக்குக் காய்ச்சல், நான்கு பேர்தான் போனோம் (என் ஸ்கோர் எண்ணப்பட்ட இன்னொரு நாள் அதுதான்). அன்று அவள் எல்லா ஹோலிலும் பயந்து பயந்து, தூரம் குறைவாகப் போகும் இரும்பு மட்டையை எடுத்து ஆடினாள். பஸ்ஸில் அவளே இதைச் சொன்னாள். நான் சொன்னால் சப்பைக்கட்டு மாதிரி இருக்கும்.

ஜாக்கெட் விஷயம். எங்கப்பாவும் உங்களை மாதிரியே சொல்லாமல் வாங்கினார். நான் ஒரே ஒரு நாள், போட்டோவுக்குப் போட்டேன். இப்போது அதை அவர்தான் போட்டுக்கொண்டு டிரைவ்வேயில் பனி தள்ளுகிறார். முதுகில் என் பெயர். தெருவில் எல்லோரும் அவரை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பணம் வீண் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு நன்றாகக் கதகதப்பாக இருக்கிறது.

அந்த 400-ஐ வேறு எதிலாவது போடுங்கள். அவளிடமே கேளுங்கள். யூத் ஆன் கோர்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த மைதானங்களில் பிள்ளைகள் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவாக ஆடலாம். அடுத்த கோடையில் எத்தனை சுற்று ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 47-ஐ 42 ஆக்குவது ஜாக்கெட் இல்லை.

---

டல்லஸ் மாமி:

பனி தள்ளுகிற அப்பாவை நினைத்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் நான் வாங்கியது வாங்கியதுதான்.

---

ஊட்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பழையசோறு அண்ணா, கோபம் இல்லை. மதில் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

ஆர்டர் செய்யவில்லை. கார்ட்டில் போட்டு வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். நேற்று அவளிடம் நேராகவே கேட்டேன். யோசிக்கவே இல்லை, ஏற்கெனவே பட்டியல் வைத்திருந்தாள்: ஒரு வெட்ஜ் (கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்கும் மட்டை), பழையதானாலும் பரவாயில்லை. எல்லா மட்டைக்கும் புது கிரிப். குளிர்காலத்தில் உள்ளரங்க சிமுலேட்டரில் மாதம் இரண்டு மணி நேரம். கூட்டினால் 400-க்குக் கொஞ்சம் மேலே போகிறது, பேரம் நடந்துகொண்டிருக்கிறது. ஆறாம் நம்பர் சொன்னதைக் காட்டினேன். படித்துவிட்டு "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அந்த 'ம்'முக்கு மதிப்பு அதிகம்.

லெட்டர் எங்கே என்று தேடினால், பையின் உள்பாக்கெட்டில் ஜிப்பைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பந்தை ஏற்றி வைக்கும் 'டீ' குச்சிகளும் பழைய ஸ்கோர் கார்டுகளும் இருக்கிற இடம். எடுத்துப் படம் பிடித்து ஊட்டிக்கு அனுப்பினேன். அம்மா வழக்கம்போல, "இதுல எத்தனை மார்க்குன்னு போடலையே" என்றார். அப்பா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீசன்ல எத்தனை பந்து தொலைச்சா?"

தெரியாது, அதற்கெல்லாம் யார் கணக்கு வைப்பார்கள் என்றேன். இன்று காலை மகளே தாத்தாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள்: தொலைத்தது 41, புதரில் பொறுக்கியது 56.