மேட்டுக்காணியில் குளம் வெட்டினால் தண்ணீர் நிற்குமா?

காணிக்காரன்:
மட்டக்களப்பில் கரடியனாறுப் பக்கம் 2 ஏக்கர் மேட்டுக்காணி, மரமுந்திரி, கொஞ்சம் மா, 14 ஆடு. மாரியில் காணிக்குள்ளால் வெள்ளம் ஓடுகிறது, கோடையில் கச்சான் காற்று தொடங்கினால் கிணற்றுக்குள் வாளி விட்டால் சேறுதான் வருகிறது. மேற்கு மூலையில் 60 அடிக்கு 40 அடி குளம் வெட்டி மாரித் தண்ணீரைப் பிடித்து வைக்க யோசனை. மண் வெட்டும் பெக்கோ மெஷின்காரர் ஒரு நாள் வேலை என்கிறார், அவருக்கென்ன. வெட்டினவர்கள் சொல்லுங்கள், காசைக் கொண்டுபோய்க் கிடங்குக்குள் போடுகிறேனா?

வெல்லாவெளியான்:
தம்பி, மழைக்குக் கவலை வேண்டாம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பெய்தாலே கிட்டத்தட்ட 1 லட்சம் லீட்டர், பாதியை நிலம் குடித்தாலும் போதும். பிரச்சினை மண். நான் 8 அடி வெட்டினேன், தையில் நிரம்பி வழிந்தது, குடும்பமாக நின்று படமெல்லாம் எடுத்தோம், பங்குனியில் முழங்கால் அளவு. 4 அடிக்குக் கீழே தண்ணீர் நிற்காத கிரவல் மண் வந்ததை வெட்டும்போதே கண்டேன், ஆனால் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. இப்போது அதுக்குள் வாழை நிற்கிறது, நல்ல வாழைதான்.

முதலில் மண்வெட்டியால் இடுப்பளவு கிடங்கு வெட்டு. அடிமண்ணை நனைத்துப் பென்சில் மொத்தத்துக்கு உருட்டு, உடையாமல் வளைந்தால் களிமண், தண்ணீரைப் பிடிக்கும். மறுகா பின்னேரம் தண்ணீர் நிரப்பி, ஊறினதும் திரும்ப நிரப்பி, காலையில் போய்ப் பார்.

கமக்காரி:
களியாக இருந்தாலும் வெயில் குடிக்கிறதைக் கணக்கெடுங்கள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் மே தொடங்கி ஆகஸ்ட் முடிய 2 அடி போய்விடும். அதனால் அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள். மிஞ்சின தண்ணீர் வழிந்தோட வான் விட மறக்க வேண்டாம், கட்டுக்கு மேலால் ஒரு தரம் வெள்ளம் பாய்ந்தால் கட்டு மிஞ்சாது. ஒரு கரை நல்ல சரிவாக இருக்கட்டும், ஆடோ பிள்ளையோ விழுந்தால் ஏறி வர வேண்டும். வெட்டின மண்ணைக் காணிக்குள்ளேயே போடுங்கள், ட்ரக்டரில் வெளியே ஏற்றினால் பெர்மிட் கேட்பார்கள். அப்புறம் கோடையில் உங்கள் பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்துக்கு யானை வரும், அதையும் யோசியுங்கள்.

உன்னிச்சைப் பொடியன்:
காணியில் மருது மரம் நிற்கிறதா அண்ணா, அது தண்ணீர் உள்ள இடத்தில் நிற்கிற மரம்? நின்றால் அந்தப் பக்கம் வெட்டிப் பாருங்கள்.

காணிக்காரன்:
மருது இல்லை தம்பி. நேற்று இரண்டு கிடங்கு வெட்டினேன். மேற்கு மூலையில் விட்ட தண்ணீர் விடியுமுன்னமே இல்லை, ஈரம் மட்டும். கிழக்கே பள்ளத்தில், ஆடு போய்ப் படுக்கிற இடத்தில், இரண்டு விரல்தான் குறைந்திருந்தது, உள்ளே ஒரு தவளையும் குந்தியிருந்தது. பெக்கோக்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளத்தில் இன்னும் இரண்டு இடம் வெட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.