பொடிசுகளுக்கு நிழலை எப்படிப் புரியவைப்பது? யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் ஐந்து, ஆறு வயது. இப்போது நிழல் பாடம் ஓடுகிறது.

வெளிச்சத்தை ஒரு பொருள் மறித்தால் நிழல் விழும் என்பதை டார்ச் வைத்தே காட்டிவிட்டேன். எவர்சில்வர் டம்ளருக்குச் சுவரில் கன்னங்கரேலென்று விழுந்தது. கண்ணாடி டம்ளருக்கு விளிம்பு மட்டும் மங்கலாக. டம்ளரை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நிழல் பூதம் மாதிரி வளர, ஒரே கூச்சல்!

சிக்கல் வெயிலில்தான். "காலைல நீளமா இருந்துச்சே, மத்தியானம் எங்க போச்சு?" என்று ஒரு வாண்டு கேட்கிறாள். உடம்புக்குள் போய்விட்டதாம், பக்கத்தில் இருந்தவன் சொல்கிறான். கோணம் என்றால் என்னவென்றே தெரியாத வயது. சூரியன் மேலே ஏற ஏற நிழல் ஏன் குறுகுகிறது என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இங்கே ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே தெரியாது. ஆகஸ்டில் மொட்டைமாடியில் அதைக் காட்ட ரொம்ப ஆசை. மேகம் மூடிவிட்டால் வீட்டுக்குள் என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தவர்கள், விளையாட்டோ பாட்டோ, எதுவானாலும் எழுதுங்கள்.