வீட்டுக்கு முதல் ஓவியம்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. சாவி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, கூடத்துச் சுவர் இன்னும் மொட்டையா நிக்குது. கடையில விக்கிற அச்சுப் படம் வேண்டாம், ஓர் ஓவியர் கைப்பட்டதா ஒண்ணு வேணும்னு எனக்கு ஆசை. வீட்டுக்காரர் "அந்தக் காசுக்கு ஏர்கான் சர்வீஸ் பண்ணலாம்"ங்கிறார்.

கையில 800 வெள்ளி இருக்கு. இந்த விலைக்குப் பெரிய கேன்வாஸ் கிடைக்காதுன்னு தெரியும். அதனால ராபர்ட்சன் கீயில் இருக்கிற எஸ்டிபிஐ (STPI) அச்சுக்கலைக் கூடம் பக்கம் போய் அச்சோவியங்களைப் பார்த்தேன். கடை அச்சுப் படம் மாதிரி இல்ல, ஓவியரே உருவாக்கி, குறிப்பிட்ட பிரதி மட்டும் எடுக்கிறது. ஓரத்துல பென்சில்ல 14/50 மாதிரி எண்ணும் கையெழுத்தும் இருந்தா, அம்பது பிரதியில பதினாலாவதுன்னு அர்த்தமாம். முதல் தடவை வாங்குறவங்களுக்கு இது சரியா வருமா? இல்ல, லாசால், நாஃபா கலைக் கல்லூரி மாணவர்களோட பட்டமளிப்புக் கண்காட்சிக்குக் காத்திருக்கலாமா?

இன்னொரு கவலை பூஞ்சை. ஊர்ல இருந்து அம்மா கொண்டு வந்த நீர்வண்ண ஓவியத்தைத் தெரிஞ்ச கடையில சட்டம் போட்டேன். நடுவுல அட்டை வைக்காம தாளைக் கண்ணாடியோட ஒட்டவச்சுட்டாங்க. சிங்கப்பூர் ஈரப்பதம் தெரியுமே! ஆறே மாசத்துல ஓவியத்துல இருக்கிற கோயில் குளத்துத் தண்ணி மேல பழுப்புப் புள்ளி. அம்மா இன்னும் பார்க்கல.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல நல்லா சட்டம் போடுறவங்க யாராவது தெரியுமா? அந்தப் புள்ளியை எடுக்க முடியுமா? தீபாவளிக்கு அம்மா வர்றாங்க.